கேட்டுவிட்டுப் பறப்பவர்

ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். காற்று எப்படி அடிக்கிறது, கரண்டு கம்பி எந்தப் பக்கம் போகிறது, பருந்து ஏதாவது சுற்றுகிறதா என்று. எங்கள் மாடி வீட்டு அக்கா முதலில் தன் செருப்பைத் தேடுவார். அதை மாட்டிக்கொண்டு, ட்ரோன் பறக்கப்போகும் இடத்தைச் சுற்றியிருக்கிற வீடுகளின் கதவையெல்லாம் தட்டிவிட்டு வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

"மேல கேமரா பறக்கப்போகுது. உங்க மாடியும் லேசாப் படத்துல விழும். பரவாயில்லையா?"

கேள்வி இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் சரி என்று சொல்லிவிட்டு, கையோடு மாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கும் உள்பாவாடைகளை எடுத்துவிடுவார்கள். சிலர், "எங்க வீட்டையும் தனியா ஒரு படம் எடுத்துக் குடுப்பீங்களா?" என்பார்கள். எப்போதாவது ஒருவர் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் அந்த வீட்டை விட்டுவிட்டு வளைந்துதான் போகும் அவருடைய ட்ரோன். முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் தவித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா நான்காவது வீட்டு வாசலில் நின்று, குளித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் வெளியே வரட்டும் என்று காத்திருப்பார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்கள் மாடிக்குக் குடிவரவில்லை. கோச்சடையில் என் மாமியார் வீட்டில் நாங்கள் கீழே இருக்கிறோம். மாடிப் பகுதி அப்போது காலியாகக் கிடந்தது. பாப்பா கைக்குழந்தை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மொட்டைமாடியில் இளவெயிலில் மடியில் கிடத்தியிருந்தேன். இந்த வெயில் நல்லதா, கண்ணில் பட்டால் கெடுதலா என்று போனில் தேடிக்கொண்டும் இருந்தேன். அப்போது தேன்கூடு கலைந்த மாதிரி ஒரு இரைச்சல். நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது நின்றுகொண்டிருந்தது. நான் நைட்டியில் இருந்தேன், தலையில் துண்டு. பிள்ளை உடம்பில் பொட்டுத் துணியில்லை. அலறிக்கொண்டு படியிறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் சோலார் தகடுகளில் எது உடைந்திருக்கிறது என்று பார்க்க அவரை வரவழைத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தார். சுடிதாருக்கு மேல் ஒரு முழுக்கை ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் ரிமோட்.

"கேட்டேனேம்மா, வாசல்ல நின்ன அம்மா சரின்னாகளே."

"நான் சொன்னேனா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "ஆமா. மாடியில இருக்கவங்ககிட்டல்ல கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டில் மாட்டியிருந்த போனை உருவி என்னிடம் நீட்டினார். "நீங்களே பாத்து அழிச்சிருங்க."

படத்தில் மாடி முழுக்க வெயில். நடுவில் துண்டு கட்டிய ஒரு தலை. மடியில், வெல்லத் துண்டு மாதிரி பாப்பா. அழித்துவிட்டேன். அழித்த கையோடு, அய்யோ, எவ்வளவு நன்றாக இருந்தது என்று தோன்றிவிட்டது. பாப்பாவின் அந்த வயதை அவ்வளவு உயரத்திலிருந்து காட்டும் படம் இன்றுவரை என்னிடம் வேறு இல்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே தெரிந்துவிட்டது போலும். "வேணும்னா இன்னொரு நா கூப்புடுங்க, எடுத்துத் தாரேன்" என்று சொல்லிப் போனார்.

அதிலிருந்து கேள்வியில் ஒரு வரி கூடிவிட்டது. "வீட்டுல இருக்க எல்லாருக்கும் சரியா?" அடுப்படியில் நிற்கிற மருமகளைக் கூப்பிட்டுக் கேட்பார், உள்அறையில் படுத்திருக்கும் மாமனாரைக் கேட்பார். சில மாதங்கள் கழித்து எங்கள் மாடிக்கே வாடகைக்கு வந்த பிறகு, இதில் அதிகம் கடுப்பானது என் மாமியார்தான்.

"வீட்டுக்குப் பெரியவ நான் சரின்னாப் பத்தாதாக்கும்? கேள்விக்காரி. பறக்குறதுக்கு முன்னாடி ஊரையே கூட்டிருவா."

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் வேறு வேறு பதில் சொன்னார். போலீஸ் தொல்லை வராது என்றார் ஒருவரிடம். "இது எங்கயாவது மாடியில விழுந்தா எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல" என்றார் இன்னொருவரிடம். என்னிடம், "எங்க வீட்டு மேல ஒருத்தன் பறக்கவிட்டா எனக்கு எப்பிடி இருக்கும்?" என்றார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருந்தவர் அவர். கணவர் திருப்பூரில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அவர் விட்டுப்போன சட்டைகள்தான் அக்கா மேலே போடுவது. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவரை நாங்கள் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

ட்ரோன் என்றால் கல்யாணம், காதுகுத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவுக்கு எதெதற்கோ ஆள் வரும். செல்போன் கோபுரத்தில் கூடு இருக்கிறதா பார்க்க வேண்டும். விற்கப்போகும் தென்னந்தோப்பை மேலிருந்து காட்ட வேண்டும். மரக்கிளையில் மாட்டிய வயருக்குக் கயிறு கொண்டுபோய்ப் போட வேண்டும். மேலக்கால் பக்கம் ஒருவர், தோட்டத்துக்கு வரும் மயில்களை விரட்டக் கூப்பிட்டார். சத்தம் கேட்டால் மயில் எழுந்துவிடும். பாப்பாவுக்குக் காட்டலாம் என்று என்னையும் அழைத்துப்போனார். போனதும் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய் நின்றார்.

"அண்ணே, பக்கத்துல மயிலு வெரட்டச் சொல்றாக. உங்க தோட்டத்து மேலயும் பறக்கும். பரவாயில்லையா?"

"பறந்துட்டுப் போகுது. மயிலு எங்கிட்டுப் போகும்?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "காத்தப் பாத்தா... உங்க தக்காளிக்குத்தாண்ணே வரும்."

"ஏம்மா, அதையும் நீயே வந்து எங்கிட்டக் கேக்குறியா!"

அப்புறம் இரண்டு வரப்பிலும் ஆள் நின்று கத்தல்தான். மயிலை வளர்த்தது யார், போன வருடம் யார் பக்கம் விரட்டியது என்று பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் இருவரும் பேசி, கண்மாய்க் கரைப் பக்கமாக ஓட்டுவது என்று முடிவானது. அதற்குள் மயில்கள் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத் தாமாகவே கிளம்பிப் போயிருந்தன. பாப்பா கைதட்டினாள். அக்கா ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கூப்பிட்டவர் முறைத்த முறைப்பில் எனக்குத்தான் உடம்பு கூசியது. அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நல்லாப் பேசிக்கிட்டாக ரெண்டு பேரும்" என்றார்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வெளியூர் மகன்கள், இறுதி ஊர்வலத்தை மேலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அக்கா தெரு முழுவதும் கேட்டுவிட்டு, கடைசியாக உள்ளே போய்ப் பெரியவருடைய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். துக்க வீட்டில் இதெல்லாம் கேட்பார்களா என்று எனக்குப் பதறியது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவருக்கு ஒசரம்னாலே பயம் தாயி. பரண்ல ஏற மாட்டாரு. வேணாம்" என்றார். அக்கா சரி என்று எழுந்துவிட்டார். அன்று கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, பாடைக்குப் பக்கவாட்டில் சுடுகாடு வரை நடந்தே எடுத்தார்.

என்னிடமும் அப்படித்தான். பாப்பா பிறந்ததிலிருந்து எனக்கு எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதைக் கொடு, அதைக் கொடுக்காதே, இப்படிப் பிடி, ஏன் இன்னும் நடக்கவில்லை. டாக்டர் ஒன்று சொல்வார், அத்தை, அதாவது என் மாமியார், ஒன்று சொல்வார், போன் ஒன்று சொல்லும். நான் எல்லாவற்றையும் செய்துவிட்டு எல்லாமே தப்போ என்று பயந்துகொண்டிருப்பேன். பாப்பாவுக்குச் சளி என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அக்கா கை வைத்தியம் எதுவும் சொல்ல மாட்டார். "ஒனக்கு எப்பிடித் தோணுது?" என்பார். அந்தக் கேள்வி எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. என்னிடம் பதில் இருக்கும் என்று யாரோ நினைக்கிறார்களே என்ற பயம். பாப்பாவைத் தூக்கும் முன்னும், கையை நீட்டி, "வாரியா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். பாப்பா தானாகச் சாய்கிறவரை தொட மாட்டார். பாப்பா பேச ஆரம்பித்ததும் ட்ரோனுக்கு "விர்ரு" என்று பெயர் வைத்தாள். அவரையும் விர்ரு அத்தை என்றே கூப்பிட்டாள்.

கப்பலூரில் என் தம்பி வேலை பார்க்கும் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில் மழைக்குக் கூரை ஒழுகியது. எந்தத் தகட்டில் ஓட்டை என்று தெரியவில்லை என்று தம்பி சொன்னபோது நான்தான் அக்காவைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் பறக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அக்காவுக்கு அது கொண்டாட்டம். அனுமதி கேட்பது அவருக்குப் பிடித்த வேலையல்லவா. அவர் போய்ப் பறக்கவிட்ட அன்று மாலை தம்பி போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"சாப்புட்டுட்டு ஷெட்டுக்குப் பின்னால படுத்துக் கெடக்கோம்க்கா. இவுக வந்து, 'தம்பிகளா, மேல கேமரா வருது, மொதலாளி பாப்பாரு. தூங்குறவங்க தூங்குறீங்களா, எந்திரிக்கிறீங்களா?'ங்கிறாக. துண்ட ஒதறிட்டு அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுட்டோம்ல!"

பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்தபோதுதான் அக்காவின் இந்தக் குணம் என் மடியிலேயே வந்து விழுந்தது.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான். அவன் மடியில்தான் பிள்ளை உட்காரும். அவன் ஊர்வலமாகக் கொண்டுவருகிற சீரைத்தான் ஊர் பேசும். சீர் என்றால் தட்டில் இருக்கும் பழமும் பட்டும் மட்டுமில்லை. அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை சனம் வருகிறது என்பதும்தான். என் நாத்தனார் மகளுக்கு நடந்தபோது, உசிலம்பட்டியிலிருந்து வந்த சீர் ரோட்டு முக்கிலிருந்து மண்டபம் வரை நின்றது. மேலிருந்து ட்ரோனில் எடுத்த அந்தப் படத்தை எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரும் பார்த்தாக வேண்டும். அதே மாதிரி என் பெண்ணுக்கும் எடுக்க வேண்டும் என்றார் அத்தை. "மாடியிலயே ஆள் இருக்கு. பெறகென்ன?"

என் தம்பிக்கு ஆள் இல்லை. அப்பா போன பிறகு, கிணற்றுத் தகராறில் சித்தப்பா குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. அவர்களோடு சொந்தபந்தம் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அம்மாவும் தம்பியும், ஒன்றிரண்டு அத்தைமார்களும் ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினால் அதுதான் சீர். தரையிலிருந்து பார்த்தால், கொட்டுச் சத்தத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். மேலிருந்து பார்த்தால்? காலித் தெருவில் கொஞ்சம் பேர் நடந்துவருவது அப்படியே தெரியும். அதையும் எங்கள் வீட்டு ஹாலில், நாத்தனார் படத்துக்கு அடுத்தபடியாகப் போட்டுக்காட்டுவார்கள். என் தம்பியை நினைக்கையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாடிக்குப் போய் அக்காவிடம் கெஞ்சினேன். "பேட்டரி போச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லிருங்கக்கா."

"தம்பிகிட்டக் கேட்டியா?"

"கேட்டா அவனுக்குச் சங்கடமா இருக்கும்க்கா. நாங்க அவனக் கொறைவா நெனைக்கிறோம்னு ஆயிரும்."

"சரி. நான் கேக்கவா?"

"வேணாம்க்கா."

"கேக்கலன்னா, அவருக்குத் தெரியாமயே நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணுன மாதிரி ஆயிரும். நீ சொல்லு. கேக்கவா, வேணாமா?"

ஒருவரிடம் கேட்பதற்கே இன்னொருவரிடம் கேட்டு நிற்கிற மனுஷியை என்ன செய்வது? என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. பாப்பா அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தலையை ஆட்டினேன். ஆட்டிய மறுகணமே தடுக்கலாமா என்று கை எழுந்தது. அதற்குள் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"தம்பி, மாடி வீட்டு அக்கா பேசுறேன்."

"சொல்லுங்கக்கா. கூரை பெறகு ஒழுகல."

"கூரை இல்ல தம்பி. காதுகுத்துக்கு நீங்க சீர் கொண்டு வாரத மேல இருந்து எடுக்கச் சொல்றாக. கூட்டம் கம்மியா இருக்குமே, மேல இருந்து பாத்தா இன்னுங் கம்மியாத் தெரியுமேன்னு உங்கக்கா பயப்படுது. படத்துல விழப்போறது நீங்க. எடுக்கவா, வேணாமா?"

ஒளித்துமறைத்துச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் குடம் வார்க்கும் மெஷின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது.

"ரொம்பக் கம்மியாத் தெரியுமாக்கா?"

"தெரியும் தம்பி."

"கீழ இருந்து பாத்தாலும் கம்மிதானக்கா" என்று சிரித்தான். "எடுங்க. ஒண்ணே ஒண்ணு. எங்கம்மாவுக்கு உச்சந்தலையில முடி கொட்டிப்போச்சு. மேல இருந்து எடுத்தா அதுதான் பளிச்சுன்னு தெரியும். பெறகு பாத்துட்டு வெக்கப்படுவாக."

"அப்ப அவுக தலையில ஒரு தட்ட வச்சு விட்டுருங்க. தட்டுதான் தெரியும்."

மெஷின் சத்தம் தேய்ந்தது. ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டான் போலும்.

"வைக்கலாமாக்கா?" என்றான்.

அவன் கேட்டது முடியைப் பற்றியில்லை என்று எனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து அம்மா எந்த விசேஷத்திலும் முன்னால் வந்ததில்லை. சமையல் கட்டுப் பக்கமோ, கடைசி வரிசை நாற்காலியிலோதான் இருப்பார். அவரை யாரும் ஒதுக்கவில்லை, அவராகவே ஒதுங்கிக்கொண்டார் என்று நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். சீர்த் தட்டை அவர் தலையில் வைப்பதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"அத அவுககிட்டல்ல கேக்கணும்" என்றார் அக்கா.

தம்பி கேட்டானாம். அம்மா முதலில் வேண்டவே வேண்டாம் என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே வந்து, "தட்டுல என்ன பழம் வைப்ப?" என்று கேட்டாராம்.

காதுகுத்துக்கு முந்தின நாள் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ரோட்டு முக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை தெருவின் இரண்டு பக்கமும் ஒரு வாசல் விடவில்லை. "நாளைக்குக் காலையில கீழ் வீட்டுப் பாப்பாவுக்குத் தாய்மாமன் சீர் வருது. மேல கேமரா வரும். வாசல்ல நின்னா படத்துல விழுவீங்க. பரவாயில்லையா?" தையல்கார அக்கா, "என்ன கலர் கட்டுனா எடுப்பா இருக்கும்?" என்று கேட்டாராம். இஸ்திரி போடும் அண்ணன், "என் வண்டியும் விழுமா? பெயின்ட் அடிச்சு ரொம்ப நாளாச்சே" என்று கவலைப்பட்டாராம். வேப்பமரத்து வீட்டு வாத்தியார் மட்டும் கூடவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் மண்டப வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. அக்கா ட்ரோனை மேலே விட்டார். பாப்பா "விர்ரு, விர்ரு" என்று துள்ளினாள்.

தெருவைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு வாசலிலும் புதுக்கோலம். படத்தில் விழப்போகிறோமே என்று தெருவே பட்டுக் கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றது. அது மட்டுமில்லை. ட்ரோன் தங்கள் வாசலைத் தாண்டிப் போனதும், படத்தை விட்டு விலகிவிடுவோமே என்று பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள் ஓடினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். மண்டபத்தை நெருங்கும்போது தெரு நிறைந்துவிட்டது. இவ்வளவு பேருக்கும் சாப்பாடு பத்துமா என்று அந்த நேரத்திலும் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

எல்லோருக்கும் முன்னால் அம்மா வந்தார். தலையில் மாதுளம்பழத் தட்டு. ஒரு கையால் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், நேராக நடந்து வந்தார். என் கண் மறைத்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "என்னத்தா இது, சம்பந்தியம்மாவா முன்னால வாராக?" என்று அத்தையின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.  அத்தை ட்ரோனை நிமிர்ந்து பார்த்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கேமரா வருது, மறைக்காத. தள்ளி நில்லு."

பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தி, வீறிட்டு அழுது, பிறகு அடங்கி, பந்தியும் தொடங்கிவிட்டது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. அக்காவைப் பிடித்து உட்காரவைத்துப் படத்தைப் போடச் சொன்னார். ஒரு போனைச் சுற்றி நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். தெரு கோயிலிலிருந்து விரிந்தது. பட்டும் பூவுமாய் ஒரே சனம். வாத்தியார் வீட்டுக்கு நேரே வரும்போது மட்டும் படம் சட்டென்று விலகி, கொஞ்ச நேரம் வேப்பமரத்தையும் வானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"அடேயப்பா!" அத்தை வாய்மேல் கைவைத்தார். "உன் ஆளு எம்புட்டுச் சனம்ப்பா! அன்னைக்கு உசிலம்பட்டிச் சீருக்குக்கூட இம்புட்டு இல்லையே."

தம்பி சும்மா சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். நான் அவன் கையைக் கிள்ளவும் செய்தேன். அவன் குனிந்து போன் மேல் விரலை வைத்தான்.

"இவுகல்லாம் உங்க தெருக்காரங்க அத்தே. எங்க ஆளு இந்தா, இங்க இருந்து இது வரைக்குந்தான்."

 அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தம்பியின் விரல் மெதுவாக நகர்ந்தது. "முன்னால தட்டோட போறது எங்கம்மா. இந்தக் கருநீலச் சேலை சின்னத்தை, முழங்கால் வலியோட நடக்குறாக. இது எங்க கம்பெனி சூப்பர்வைசர் அண்ணன், இது அவுக வீட்டம்மா. இந்தா இவன் பீகார்க்காரன். எங்கூட மெஷின்ல நிக்கிறவன். வேட்டி நிக்க மாட்டேங்குதுன்னு பெல்ட் போட்டுருக்கான் பாருங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்காம வந்துட்டான்."

"பீகாரா?" என்றார் அத்தை. "ரயில்ல வரணுமே அது?"

"ஆமா அத்தே. ரெண்டு நாளு ஆகும்னு சொல்லுவான்."

அத்தை நிமிர்ந்து, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த என் நாத்தனாரைப் பார்த்தார். "கேட்டியாடி? ஒன் மகளுக்குச் சீர் உசிலம்பட்டில இருந்துதான வந்துச்சு. இவளுக்குப் பீகார்ல இருந்து வந்துருக்கு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தம்பியும்தான். நான் அவனைக் கிள்ளிய கையை மெல்ல எடுத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து, பந்தியில் கையலம்பிவிட்டு வந்த அந்தப் பையனைத் தேடிப் போனார். மண்டபத்தில் எவ்வளவோ பேர் இருக்க, அவனிடம்தான் முதலில் போனார். முந்தின நாள் அவர் கேட்டுவந்த எந்த வாசலிலும் அவன் இல்லையே. "தம்பி, நீ படத்துல நல்லாத் தெரியுற. வச்சுக்கவா? ஒனக்குச் சரியா?" அவனுக்கு முதலில் புரியவில்லை. தம்பி போய்ச் சொன்னான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அக்கா, ஊருக்கு அனுப்பலாம்? அம்மா பாக்கும்" என்றான். அக்கா உடனே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், மூச்சு விடாமல் ஏதோ பேசியது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"அம்மா என்னப்பா சொல்லுது?" என்று கேட்டார் அத்தை.

"நான் மெலிஞ்சுபோச்சு, சொல்லுது."

அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்த படம். அதில் முகம்கூடச் சரியாகத் தெரியாது. நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

"தம்பி, இன்னொரு தடவ சாப்புடுறியா? எலை போடச் சொல்லவா, வேணாமா?" என்று அவனைக் கேட்டார் அக்கா.

அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சோறு போடுறதக் கேக்கக் கூடாது பிள்ள. போட்டுரணும்" என்றவர், பந்திப் பக்கம் திரும்பி, "ஏப்பா, தாய்மாமன் வீட்டு ஆளுக்கு எலையப் போடு" என்று குரல் கொடுத்தார்.

அக்கா இந்தமுறை கேட்கவில்லை. அந்தப் பையனுக்குத் தானே போய்த் தண்ணீர் ஊற்றினார்.